வேலிக்கு இரண்டு பக்கமும் ஒரே மணி

போன மாதம் றிஸ்மியா என்னைப் பார்க்க வந்தாள். நான் இருபத்தொன்பது வருடம் கணக்குப் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் இப்போது அவள் கணக்குப் படிப்பிக்கிறாள். அவளுடைய வகுப்பில் கெட்டிக்காரியான ஒரு பிள்ளையை, இனிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டேன், வீட்டில் வைத்துப் போனிலேயே படிப்பித்துக்கொள்கிறேன் என்று அந்தப் பிள்ளையின் தாய் மறித்துவிட்டாராம்.

"வீட்டுல வெச்சுப் படிப்பிக்கிறதா, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறதா, எது புள்ளைக்கு நல்லம் டீச்சர்? நீங்க ஒருக்கா கதைச்சா அந்த உம்மா கேப்பா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தக் கேள்விக்கு நான் வேலியடியில நிண்டு விடை கண்டவ, புள்ள. அந்தக் கதையில பெரிய பிழை விட்ட ஆளும் நான்தான்" என்றேன். அப்படியென்றால் அதை எழுதித் தாருங்கள், வாசித்துக் காட்டுகிறேன் என்று அடம் பிடித்தாள். எழுதுகிறேன். ஆனால் எனக்கு எதையும் சுருக்கிச் சொல்லத் தெரியாது. சந்தேகமிருந்தால் என் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பார்க்கலாம், அவர் நாற்பது வருடமாக அனுபவிக்கிறார்.

எழுபதுகளின் கடைசியில் எனக்கு நியமனம் கிடைத்தது. அதற்கு முன் ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம். அங்கே படித்ததில், கரும்பலகையில் அடிமட்டம் இல்லாமல் நேர்கோடு போடும் வித்தைதான் கடைசிவரை எனக்குக் கைகொடுத்தது. மற்றதையெல்லாம் நான் படித்தது இஸ்மாலெவ்வை சேரிடம். கல்முனைக்குத் தெற்கே, கடற்கரைப் பக்கமாக இருந்த எங்கள் முஸ்லிம் பள்ளிக்கூடத்துக்கு அவர்தான் அதிபர்.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாரையாவது கண்டிக்க வேண்டுமென்றால் முதலில் அவர்களை உட்கார வைப்பார், பிறகு தான் எழுந்து நிற்பார். அந்த நிற்பிலேயே நமக்கு வேர்த்துவிடும். காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். எந்தப் படிவமானாலும் "முதல்ல பென்சில், புறகு பேனை" என்பார். பென்சிலால் எழுதியதைத் தானே உரத்து வாசிப்பார், சம்பந்தப்பட்ட ஆள் ஒவ்வொரு வரிக்கும் "ஓம்" சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மையில் எழுதலாம். லீவு விண்ணப்பத்துக்குக்கூட இந்தச் சடங்கு உண்டு. என் கலியாண லீவுப் படிவத்தில் "காரணம்: திருமணம்" என்று அவர் உரத்து வாசிக்க, ஆசிரியர் அறையில் அத்தனை பேருக்கும் முன்னால் நான் "ஓம் சேர்" என்று சொன்ன வெட்கம் இன்னும் போகவில்லை.

பள்ளிக்கூடத்தின் வடக்குப் பக்கம் பூவரசங் கதியாலில் கம்பி இழுத்த ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கும் நீர்ப்பாசன ஓவசியருக்கான அரசாங்கக் குவாட்டர்ஸ். எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே அந்தோனிப்பிள்ளை என்ற ஓவசியர் மாற்றலாகி வந்தார். வாய்க்கால் வரம்பெல்லாம் சைக்கிளில் திரிகிற, பேச்சுக் குறைந்த மனிதர். மனைவி பிலோமினா அக்கா. பதின்மூன்று வயதில் இரட்டைப் பிள்ளைகள், றெஜினா, சேவியர். எங்கள் வட்டாரத்தில் அவர்கள் ஒரு குடும்பம்தான் கத்தோலிக்கர்.

அந்தப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. பிலோமினா அக்கா கலியாணத்துக்கு முன் மட்டக்களப்புப் பக்கம் கன்னியர் நடத்திய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்தவர். அந்தப் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் பொறுப்பெடுத்தபோது, வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர். இனி என் காலும் என் பிள்ளையின் காலும் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குள் படாது என்று அன்றைக்கே சொன்னாராம். சொன்னால் சொன்னதுதான். வராந்தாவில் ஒரு மேசை, ஒரு சின்னக் கரும்பலகை, சுவரில் மாதா படம், அதற்குக் கீழே பாட நேரங்களைக் குறித்த நேரசூசி. அதுதான் அவருடைய பள்ளிக்கூடம்.

நான் கணக்குப் படிப்பிக்கும் வகுப்பு வேலியோரம். நான் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது அவர் அந்தப் பக்கம் இங்கிலீஷ் இலக்கணம் சொல்லிக்கொடுப்பது கேட்கும். என் பிள்ளைகள் பாதிப்பேருக்கு அந்த இலக்கணம் தெரியும். அவருடைய பிள்ளைகளுக்கு என் ஏச்செல்லாம் மனப்பாடம்.

அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம் ஓடாது. ஆகவே எங்கள் மணிக்குத்தான் அங்கேயும் பாடம் மாறும். எங்கள் மணி என்பது வேப்ப மரத்தில் தொங்கிய ஒரு தண்டவாளத் துண்டு, அதை அடிப்பவர் காவலாளி சீனிக்காக்கா. அவர் அடித்தால் எங்கள் நானூறு பிள்ளைகளும் எழும்பும், வேலிக்கு அப்பால் இரண்டு பிள்ளைகளும் எழும்பும்.

முதல் நோன்பு மாதம் வந்தது. முஸ்லிம் பள்ளிக்கூடங்களுக்கு அந்த மாதம் முழுக்க விடுமுறை. மணி அடிக்கவில்லையென்றால் பாடம் இல்லை என்று இரட்டையர் இரண்டு பேரும் தாயிடம் வழக்காடியிருக்கிறார்கள். பிலோமினா அக்கா சட்டிமூடியில் அகப்பையால் அடித்துப் பார்த்தார், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் ஏதோ அலுவலாகப் பள்ளிக்கூடம் வந்தபோது இந்தக் கதையை வேலியடியில் கேட்டுவிட்டுப் போய் இஸ்மாலெவ்வை சேரிடம் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சீனிக்காக்காவைக் கூப்பிட்டார்.

"ஓவசியர்ட வீட்டம்மாக்கு மணி தேவயாம். நாளையில இருந்து அடிங்க."

"பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கு சேர், யாருக்கு அடிக்கிற?"

"ரெண்டு புள்ளையளுக்கு."

அந்த நோன்பு முழுக்க, ஆளில்லாத பள்ளிக்கூடத்தில் மணி நேரம் தவறாமல் அடித்தது. வீதியால் போனவர்கள் எங்கள் சேருக்குத் தலை சுகமில்லையோ என்று கதைத்தார்கள். இரட்டையருக்கு என்மேல்தான் கோபம். "நீங்கதானே காட்டிக் குடுத்த டீச்சர்" என்று சேவியர் வேலியால் எட்டிப் பார்த்துக் கேட்டான்.

இப்படித்தான் பழக்கம் தொடங்கியது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான் வட்டிலப்பம் கொண்டுபோனேன். பிலோமினா அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "நோன்பெல்லாம் நல்லா முடிஞ்சுதா டீச்சர்?" என்று அன்பாகக் கேட்டார். நோன்பு முடிந்து இரண்டு மாதத்துக்கு மேலாகியிருந்தது. நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டு, "ஓம் அக்கா, நல்லா முடிஞ்சுது" என்றேன்.

பிறகு சேவியருக்குக் கரப்பந்துப் பைத்தியம் பிடித்தது. எங்கள் பையன்கள் விளையாடுவதை வேலியில் தொங்கிக்கொண்டு பார்ப்பான். பந்து அந்தப் பக்கம் விழுந்தால் எடுத்துத் திருப்பி அடிப்பான், அந்த அடியைப் பார்த்து எங்கள் விளையாட்டு ஆசிரியர் வாயைப் பிளந்தார். ஒரு நாள் ஓவசியர் மகனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, பத்தடி தூரத்திலிருந்த பள்ளிக்கூடத்துக்கு வீதியைச் சுற்றி வந்து, ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துவிட்டுப் போய்விட்டார். மனைவியைக் கேளாமல் அந்த மனிதர் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். ஒரு கிழமை அந்த வீட்டில் அவருக்குச் சோறு கிடைத்தது, கதை கிடைக்கவில்லை.

கடைசியில் பிலோமினா அக்கா ஒரு தீர்ப்புச் சொன்னார். அதை என்னையும் வேலியடிக்குக் கூப்பிட்டு வைத்துத்தான் சொன்னார்.

"சேவியர் உங்கட பள்ளிக்கூடத்துல இருந்து பத்தாம் வகுப்புச் சோதினை எடுக்கட்டும். றெஜினா என்னட்டப் படிச்சு வெளியால இருந்து எடுக்கட்டும். அவன் எல்லாப் பாடமும் பாஸ் பண்ணினா, அதுக்கு மேல உயர்தர வகுப்புக்கு றெஜினாவையும் பள்ளிக்கூடத்துக்கு விடுறன். ஒரு பாடம் கோட்டை விட்டாலும் ரெண்டு பேரும் வீட்டுலதான். உங்களையும் சாட்சியா வெச்சுச் சொல்லிப்போட்டன் டீச்சர்."

சேவியருக்கு இதைப்பற்றிப் பெரிய கவலை இல்லை. தாய்க்குப் பின்னால் நின்ற றெஜினாவின் முகத்தைத்தான் நான் பார்த்தேன். அவளுக்கு விலங்கியல் படிக்க ஆசை. எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு தொடங்கப் போகிறார்கள் என்ற கதை அப்போதே அடிபட்டது. தவளையையும் கரப்பானையும் வராந்தா மேசையில் வைத்து வெட்டத் தாய் விடப்போவதில்லை. அவளுடைய படிப்பு முழுவதும் தம்பியின் கையில் போய் மாட்டிக்கொண்டது. தம்பி என்றால் பதினைந்து நிமிடம் பிந்திப் பிறந்தவன்.

இந்த இடத்தில் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன், றிஸ்மியா கேட்டது இதைத்தானே. றெஜினாவின் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். இங்கிலீஷில் கடிதம் எழுதுவாள், எங்கள் ஆசிரியர் சிலருக்கு அவள் பிழை திருத்தலாம். ஒரு பாடத்தை எடுத்தால் அடி முடி காணாமல் விடமாட்டாள். சேவியரின் கொப்பியோ கோழி கிளறிய முற்றம். ஆனால் விளங்காவிட்டால் எழும்பி நின்று "விளங்கல்ல டீச்சர், திருப்பிச் சொல்லுங்க" என்பான். தோற்றால் சிரிப்பான். இஸ்லாம் பாட நேரத்தில் அவனை வெளியே விட இஸ்மாலெவ்வை சேர் சம்மதிக்கவில்லை. தன் மேசையிலேயே ஒரு பக்கத்தை ஒதுக்கி, "உன்ட புத்தகத்தக் கொண்டு வந்து இதுல இருந்து வாசி மனே" என்றார். அந்த நாற்பது நிமிடமும் அதிபரும் மாணவனும் எதிரெதிரே இருந்து, ஆளுக்கொரு வேலை பார்ப்பார்கள். அந்த மேசையில் வேறெந்தப் பிள்ளையும் கை வைத்ததில்லை.

ஒரு சனிக்கிழமை, தாயிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, றெஜினாவை எங்கள் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுடைய விஞ்ஞானக் கொப்பியில் சோதனைக் குழாய் அரைப் பக்கத்துக்கு, நிழலெல்லாம் தீட்டி, அவ்வளவு அழகாக வரையப்பட்டிருக்கும். நான் உண்மையான குழாய் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது இவ்வளவு சின்னனா டீச்சர்?" என்றாள்.

படத்தின் அளவுக்கு, ஒரு சோடாப் போத்தல் மாதிரி இருக்கும் என்று இவ்வளவு காலமும் நினைத்திருக்கிறாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து எனக்கு அழுகை வந்தது. இந்தப் பிள்ளை எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அப்படி முடிவெடுத்த நான்தான் எல்லாவற்றையும் கெடுத்தேன்.

பத்தாம் வகுப்பின் சாதாரணதரப் பரீட்சைக்கு விண்ணப்பம் அனுப்பும் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, கேட்டுக் கேட்டுப் பென்சிலால் நிரப்புவேன். சேவியரின் முறை வந்தது. பெயர், பிறந்த திகதி, மொழி எல்லாம் எழுதினேன்.

"சமயம் என்ன மனே?"

"வேதம் டீச்சர்."

எங்கள் பக்கத்தில் கத்தோலிக்கரும் வேதக்காரர், மெதடிஸ்தரும் வேதக்காரர், எல்லாரும் வேதக்காரர். எங்களுக்கு அதற்குமேல் தெரியாது. பாடப் பட்டியலில் விரலை ஓட்டினேன். கிறிஸ்தவம் என்று இருந்தது, எழுதினேன். அதற்குச் சற்றுத் தள்ளிக் கத்தோலிக்கம் என்று தனியாக இன்னொரு பாடம் இருந்ததாம். என் கண் அங்கே போகவே இல்லை. பதினெட்டு முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாம் என்று எழுதிப் பழகிய கை, ஒருவனுக்கு வேறு எழுதியதே பெரிய கவனம் என்று நினைத்துக்கொண்டது.

இஸ்மாலெவ்வை சேர் வழக்கம்போல உரத்து வாசித்தார். "சமயம், கிறிஸ்தவம். சரியா மனே?"

"ஓம் சேர்" என்றான் சேவியர். அவன் கிறிஸ்தவன்தானே. நான் கேட்டதற்கு அவன் சொன்னான், அவன் சொன்னதை நான் எழுதினேன், எழுதியதை அவர் வாசித்தார். மூன்று பேரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. மையால் எழுதி, முத்திரை குத்தி அனுப்பினோம்.

கார்த்திகை மழையோடு அனுமதி அட்டைகள் வந்தன. அடுத்த நாள் நான் பத்தாம் வகுப்பில் நிற்க, வேலியடியில் பிலோமினா அக்கா குடையோடு வந்து நின்றார். கையில் இரண்டு அட்டை, ஒன்று சேவியருடையது, மற்றது தபாலில் வந்த றெஜினாவுடையது. அவர் சத்தம் போடவில்லை.

"ஒரு வயித்துல பிறந்த ரெண்டு புள்ளைக்கு ரெண்டு சமயம் எழுதி வெச்சிருக்கீங்க டீச்சர்."

நான் வாங்கிப் பார்த்தேன். ஒன்றில் கிறிஸ்தவம், ஒன்றில் கத்தோலிக்கம். என் வாயிலிருந்து வந்ததைக் கேளுங்கள்: "ரெண்டும் வேதம்தானே அக்கா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அப்படியே ஈர மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. இரண்டும் வேறு வேறு பாடம், வேறு வேறு வினாத்தாள், வேறு வேறு பாடத்திட்டம் என்று விளக்கினார். மற்றச் சபைகளின் பிள்ளைகள் எழுதுகிற பாடத்துக்கு என் மகனைப் பதிந்திருக்கிறீர்கள், அவன் அதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை என்றார். சமயம் கட்டாயப் பாடம். அவன் அதில் கோட்டை விட்டால் றெஜினா வீட்டில்.

அதிபரின் அறைக்குப் போய் அழுதுகொண்டே சொன்னேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். சரி, இனி எழுந்து நிற்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரும் உட்கார்ந்தார். அலுமாரியிலிருந்து பிரதிப் படிவத்தை எடுத்து மூன்று தரம் வாசித்தார்.

"நானும் 'சரியா' எண்டு கேட்டிரிக்கன். நாம மூணு பேரும் சேந்து செஞ்ச பிழை இது. அழாதீங்க, தந்தி அடிப்பம்" என்றார்.

தந்தி போனது, பின்னால் கடிதமும் போனது. ஆறாம் நாள் பதில் வந்தது. வினாத்தாள் பொதிகள் கட்டியாகிவிட்டன, இனிப் பாடம் மாற்ற இயலாது. பரீட்சைக்கு அப்போது பதினெட்டு நாள் இருந்தது.

அன்று மத்தியானமே இஸ்மாலெவ்வை சேர் குடையை எடுத்துக்கொண்டு வீதியைச் சுற்றி ஓவசியர் வீட்டு முன்வாசலுக்குப் போனார். வேலியால் கதைக்கலாமே சேர் என்றேன். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வாசலால்தான் போக வேண்டும் என்றார். நான் பின்னால் நனைந்துகொண்டு போனேன்.

பிலோமினா அக்கா இரண்டு பேருக்கும் பிளேன்டீ வைத்தார். சேர் எழுந்து நின்று, "எங்கட பிழை அம்மா. அதுக்கு நான் பொறுப்பு" என்றார்.

"உங்கட மணியில எனக்கு ஒரு குறையும் இல்ல சேர். நோன்புக்கும் அடிச்ச மணி அது" என்றார் பிலோமினா அக்கா. "ஆனா இதுக்குத்தான் நான் பயந்த. நூறு புள்ளைக்குள்ள என்ட புள்ள ஆரெண்டு உங்களுக்குத் தெரியாமப் போகும். சேவியர் இந்தமுறை எழுத மாட்டான். அடுத்த வருஷம் என்னட்டப் படிச்சு எழுதட்டும். றெஜினாவும் வீட்டுலயே இருக்கட்டும்."

ஓவசியர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சேவியர் கதவோரம் குற்றவாளி மாதிரி நின்றான். அப்போதுதான், அந்நியர் முன்னால் வாய் திறந்து நான் கேட்டிராத றெஜினா கதைத்தாள்.

"அம்மா, பள்ளிக்கூடத்துக்கு ஏலாதத வீட்டுல செய்யலாம் எண்டு நீங்க எப்பவும் சொல்ற. இப்ப பள்ளிக்கூடம் பிழை விட்டுட்டு வந்து நம்மட வாசல்ல நிக்குது. இப்பதானே நாம செஞ்சு காட்டணும்? பதினெட்டு நாள் கிடக்கு."

பிலோமினா அக்கா மகளையே பார்த்தார். அவருக்குள் இருந்த வாத்தியார் எழும்பியதை நான் என் கண்ணால் கண்டேன்.

"பாடத்திட்டம் எங்க எடுக்கலாம்?" என்று கேட்டார்.

"எனக்கு வேல வெச்சிட்டாய்" என்று சேவியர் தன் அக்கா றெஜினாவைப் பார்த்து முணுமுணுத்தான்.

கல்முனையில் மெதடிஸ்த சபையைச் சேர்ந்த ஓர் ஆசிரியை எனக்குத் தெரிந்தவர். அன்று பின்னேரமே பஸ்ஸில் போய்ப் பாடத்திட்டமும் பழைய வினாத்தாள்களும் வாங்கி வந்தேன். பிலோமினா அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இது தெரியும், இதுவும் தெரியும்" என்று கொண்டு வந்தவர், சபைகள் பிரிந்துபோன வரலாற்றில் வந்து நின்றுவிட்டார்.

"இத நான் என்ட வாயால படிப்பிக்கணுமா?"

"சோதினைக்கு மட்டும்தானே அம்மா" என்றாள் றெஜினா.

படிப்பித்தார். கையில் செபமாலையை வைத்துக்கொண்டு, தன் திருச்சபையை விட்டுப் பிரிந்தவர்கள் சொன்ன நியாயங்களையெல்லாம் ஒன்றும் மறைக்காமல் படிப்பித்தார். ஒவ்வொரு நியாயத்தையும் சொல்லிவிட்டு மேசையில் ஓர் அடி. அந்த அடியில் சேவியருக்கு ஒன்றும் மறக்கவில்லை. அவ்வளவு கோபத்தோடு நடந்த பாடத்தை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

நானும் பின்னேரங்களில் போய் உட்காருவேன். செய்த பாவத்துக்குப் பரிகாரமாகக் கேள்வி கேட்கும் வேலை எனக்கு. யோசேப்பின் கதை வந்தது. சகோதரர்கள் அவரைக் குழிக்குள் போட்ட இடத்தில் பிலோமினா அக்கா மூச்சு வாங்க நிறுத்த, நான் என்னையறியாமல் தொடர்ந்தேன்.

"புறகு வாப்பாட்ட வந்து, ஓநாய் திண்டுட்டுது எண்டு சொன்னாங்க."

"ஓநாயா? துஷ்ட மிருகம் எண்டுதான் கிடக்கு டீச்சர்."

"எங்கட யூசுப் நபிட கதையில ஓநாய்தான் அக்கா."

"டீச்சர், நீங்க சொல்றத எழுதினா எனக்கு மார்க்ஸ் வராது" என்றான் சேவியர். பிலோமினா அக்கா சிரித்தார். அந்த அட்டைகள் வந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றுதான். சிரித்து முடித்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"நானும் ஒரு ஹஜ்ஜுக்கு, நோன்பு முடிஞ்சுதா எண்டு உங்களட்டக் கேட்டனான். புறகு ஓவசியர் சொல்லித்தான் தெரியும். நீங்க சிரிக்காம 'ஓம்' எண்டீங்க."

"மனசுக்குள்ள நல்லாச் சிரிச்சன் அக்கா."

"சரி, அப்ப கணக்குச் சரி" என்றார்.

சமயப் பாடத்தன்று எங்கள் மண்டபத்தில் மேற்பார்வையாளர் இஸ்லாம் வினாத்தாள் பொதியை வெட்டிக் கொடுத்துவிட்டு, தனியாக இருந்த ஒரு மெல்லிய உறையை எடுத்தார். அதற்கும் முத்திரை, அதற்கும் சாட்சிக் கையெழுத்து. உள்ளே ஒரே ஒரு வினாத்தாள். மண்டபம் முழுக்க ஒரு பாடம் எழுத, சேவியர் மட்டும் இன்னொன்று எழுதினான். அதே நேரம் றெஜினா கல்முனையில் வேறொரு மண்டபத்தில் கத்தோலிக்கம் எழுதிக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் பிலோமினா அக்கா மூன்று மணித்தியாலமும் மழைத் தூறலில் நின்றார். கடைசி மணி அடித்ததும் சேவியர் நேரே வேலிக்கு ஓடினான்.

"சபை பிரிஞ்ச கதை வந்திச்சும்மா. நீங்க மேசையில அடிச்சதத் தவிர எல்லாத்தையும் எழுதினன்."

மாதக்கணக்கில் காத்திருந்து முடிவு வந்தது. சேவியர் எல்லாப் பாடமும் சித்தி. கணக்கில் சாதாரண சித்திதான், அதற்கு நான் பொறுப்பு. கிறிஸ்தவத்தில் விசேட சித்தி, அதாவது ஆக உயர்ந்த 'டி'. றெஜினாவுக்குப் பார்த்த இடமெல்லாம் விசேட சித்தி, கத்தோலிக்கத்தில் மட்டும் அதற்கு ஒரு படி கீழான 'சி', திறமைச் சித்தி. தன் பாடத்தை விட்டுவிட்டு அந்தப் பதினெட்டு நாளும் தம்பிக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தவள் அல்லவா. பிலோமினா அக்கா முடிவுக் காகிதத்தை வைத்துக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றார்.

"பதினைஞ்சு வருஷம் படிப்பிச்ச பாடத்துல சி. பதினெட்டு நாள் ஏசி ஏசிப் படிப்பிச்சதுல டி. இத நான் பாதருக்கு எப்பிடிச் சொல்லுவன் டீச்சர்?"

வேலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் வயிறு நோகச் சிரித்தோம்.

சொன்னால் சொன்னதுதான். புதிதாகத் தொடங்கிய உயர்தர விஞ்ஞான வகுப்புக்குச் சேர்க்கும் நாளில் பிலோமினா அக்கா வெள்ளை உடுப்புப் போட்ட றெஜினாவைக் கூட்டிக்கொண்டு, வீதியைச் சுற்றி, முன்வாசலால் வந்தார். அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்குள் அவர் காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. இஸ்மாலெவ்வை சேர் படிவத்தை என்னிடம் தந்தார். பென்சிலால் நிரப்பிக்கொண்டு வந்தேன். சமயம் என்ற வரி வந்ததும் நிறுத்திக்கொண்டேன். படிவத்தைப் பிலோமினா அக்காவிடம் தள்ளினேன். அவர் பென்சிலை வாங்கவில்லை. கைப்பையிலிருந்து தன் பேனையை எடுத்துக் "கத்தோலிக்கம்" என்று எழுதினார்.

"முதல்ல பென்சில் அம்மா" என்றார் சேர்.

"இது அழிக்கிற எழுத்தில்ல சேர்."

சேர் முதல் தடவையாகத் தன் சட்டத்தை விட்டுக்கொடுத்து உரத்து வாசித்தார். "சமயம், கத்தோலிக்கம்." றெஜினா "ஓம் சேர்" என்றாள். நல்ல தெளிவான குரல்.

பிள்ளை வகுப்புக்குப் போய்விட்டாள். பிலோமினா அக்கா எழும்பாமல் இருந்தார். வெளியே சீனிக்காக்கா மணி அடித்தார். பிலோமினா அக்கா பழக்கத்தில் பாதி எழும்பிவிட்டு, மறுபடி உட்கார்ந்தார்.

"இனி இந்த மணிக்கு எழும்ப எங்கட வீட்டுல ஆருமில்ல சேர்" என்றார். கண் கலங்கியிருந்தது. "எண்டாலும் நோன்புக்கும் அடிக்கச் சொல்லுங்க. எனக்குக் கேக்கணும்."

சேர் காதிடுக்கிலிருந்த பென்சிலை எடுத்தார். சுவரிலிருந்த நேரசூசிக்கு முன்னால் போய் நின்று, ஆளில்லாமல் வெறுமையாகக் கிடந்த ஒரு கட்டத்தைக் காட்டினார்.

"பத்தாம் வகுப்புக்கு இங்கிலீசுக்கு ஆளில்ல டீச்சர்."

"ஓம் சேர்" என்று நான்தான் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பிலோமினா அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.